ஒரே பதவிக்காலம்: சட்டசபையில் முத்துலட்சுமி ரெட்டி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்தது 1926 டிசம்பர் முதல் 1930 மே வரை. மூன்றரை ஆண்டுகூட நிறையவில்லை. தேர்தலில் வென்று வந்தவர் அல்லர். அரசு நியமித்த உறுப்பினர். பின்னால் நிற்கக் கட்சியும் இல்லை. பதவியைத் துறந்த பிறகு அந்தச் சபைக்கு அவர் திரும்பவும் இல்லை. ஆனாலும் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் பொருளாதார வேரை அறுத்த சட்டம் அந்தக் காலத்தில்தான் வந்தது. திருமண வயது, பெண் கல்வி, மகப்பேறு மருத்துவம், விபசார விடுதிகள் ஆகியவை பற்றிச் சபையில் தொடர்ந்து பேச்சு எழுந்ததும் அப்போதுதான்.

அரசியலில் அவர் மிதவாதி. மனு, கேள்வி, தீர்மானம், மசோதா ஆகியவையே அவருடைய கருவிகள். ஆட்சியோடு பேசித் தீர்க்க முடிவதை முதலில் தீர்த்துக்கொள்வது அவர் வழி. அந்த வழியால் எவ்வளவு தூரம் போக முடியும், எந்த இடத்தில் அது முட்டி நிற்கும் என்ற இரண்டையும் அவருடைய பதவிக்காலம் காட்டுகிறது.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில், தேவதாசிக் குடும்பத்தில் வந்தவர். பின்னாளில் சட்டசபையில் மகள் எடுத்துக்கொண்ட பிரச்சினை தாய்வழியில் அவருக்கு நேராகத் தெரிந்த ஒன்று.

மெட்ரிகுலேஷன் தேறிய பெண்ணை ஆண்கள் கல்லூரியில் சேர்க்கலாமா என்று புதுக்கோட்டையில் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார் முத்துலட்சுமி. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கணவர் தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்று நிபந்தனை வைத்து, அதற்கு அவர் உடன்பட்ட பிறகே திருமணம் நடந்தது.

1923இல் தங்கை புற்றுநோயால் இறந்தார். 1925இல் அரசு உதவித்தொகையுடன் மேற்படிப்புக்காக முத்துலட்சுமி லண்டன் போனார். 1926இல் பாரிஸில் கூடிய சர்வதேசப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்தியப் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். ஊர் திரும்பிய அதே ஆண்டில் சட்டசபை அழைப்பு வந்தது.

நியமனம் வந்த வழி

சென்னை மாகாணச் சட்டசபை 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். ஆனால் வாக்கு என்பது அன்று சொத்தைச் சார்ந்தது. நிலவரி, வீட்டுவரி, வருமானவரி என்று ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு கட்டுபவருக்குத்தான் பட்டியலில் இடம். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி தாலுகாவில் பழவேற்காடு ஏரியை நம்பி வாழ்ந்த, பட்டா நிலமில்லாத மீனவக் குடும்பங்களில் ஆணுக்கே வாக்கு எட்டாத காலம் அது. பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

வாக்களிக்கலாம், ஆனால் உறுப்பினராக முடியாது என்றிருந்த விதி 1926இல் மாறியது. அந்த ஆண்டுத் தேர்தலில் மங்களூர்த் தொகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாய நின்று மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். தேர்தல் வழியாக ஒரு பெண்கூட வராத நிலையில், நியமன இடங்களில் ஒன்றையாவது பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று அடையாறில் இயங்கிய இந்திய மாதர் சங்கம் கேட்டது. 1917இல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாச முதலியோர் தொடங்கிய சங்கம் அது. சங்கம் முன்வைத்த முத்துலட்சுமியின் பெயரை ஆளுநர் ஏற்றார். மருத்துவத் தொழில் கெடும் என்ற தயக்கத்தோடுதான் அவர் ஒப்புக்கொண்டார்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் 1922இலேயே நியமன உறுப்பினராகிவிட்டார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேராக உட்பட்ட மாகாணங்களைப் பொறுத்தவரை முதல் பெண் உறுப்பினர் முத்துலட்சுமிதான். 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பிரிட்டனிலேயே 1928இல்தான் வந்தது என்பதோடு இதை வைத்துப் பார்க்கலாம்.

கட்சிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி

1926 தேர்தலில் வந்த சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மொத்தம் 132 பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 98 பேர். சுயராஜ்யக் கட்சி 41 இடங்களோடு முதலிடத்தில் இருந்தும் பதவி ஏற்க மறுத்தது. நீதிக்கட்சி 21 இடங்களுக்குச் சரிந்திருந்தது. கட்சி சாராத டாக்டர் பி. சுப்பராயன் ஆளுநரின் ஆதரவோடு அமைச்சரவை அமைத்தார். அரசைக் காப்பாற்றும் பெரும்பான்மையே நாளுக்கொரு கணக்காக இருந்த சபையில், எந்த அணியோடும் பகையில்லாத உறுப்பினருக்குத் தனி இடம் கிடைத்தது. சபை கூடியதும் முத்துலட்சுமியைப் போட்டியின்றித் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதிகாரம் எங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில் போலீஸ், நீதி, நிலவருவாய் போன்றவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, அறநிலையங்கள் முதலியவை சபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் இருந்தன. தண்டனைச் சட்டத்தைத் தொட வேண்டுமானால் இந்திய அரசின் முன் அனுமதி வேண்டும். முத்துலட்சுமிக்கு வெற்றி கிடைத்த இடங்களைப் பட்டியலிட்டால், பெரும்பாலும் அவை அமைச்சர்கள் கையில் இருந்த துறைகள். தாமதமானவை தண்டனைச் சட்டத்தின் எல்லைக்குள் நுழைந்தவை.

பட்ஜெட்டும் கேள்வி நேரமும்

அன்றாடச் சபைப் பணியில் அவர் மருத்துவராகவே பேசினார். பிரசவத்தில் தாய்மாரும் சிசுக்களும் இறப்பதைச் சபையில் திரும்பத் திரும்ப எழுப்பினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவப் பிரிவு வேண்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்கள் மருத்துவமனைகளில் பெண் மருத்துவர்கள் வேண்டும் என்று கேட்டார். ஏழைப் பெண்பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை, முஸ்லிம் மாணவியருக்கு விடுதி, தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவியருக்கு உதவித்தொகை ஆகியவையும் அவர் கோரிக்கைகளில் அடங்கும்.

இவை எதற்கும் பெரிய கொள்கைச் சண்டை தேவைப்படவில்லை. துறை அமைச்சர் மனம் வைத்தால் பட்ஜெட்டில் ஒரு வரி சேரும். ஒரு வரி சேர்ந்தால் அடுத்த ஆண்டு அதை நீட்டிக் கேட்கலாம். நியமன உறுப்பினர் ஒருவர் அமைச்சரவையைக் கவிழ்க்க முடியாது. ஆனால் ஒரே விஷயத்தைக் கூட்டத்தொடர் தோறும் கேட்டுக்கொண்டிருக்க முடியும். அந்த உரிமையை அவர் முழுக்கப் பயன்படுத்தினார்.

குழந்தைத் திருமணம் மத்திய அரசின் எல்லையில் இருந்தது. அங்கே ஹர்பிலாஸ் சாரதாவின் மசோதா நிலுவையில் கிடந்தது. 1928இல் சென்னைச் சபையில் முத்துலட்சுமி தீர்மானம் கொண்டுவந்தார்: பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று குறைந்தபட்சத் திருமண வயதை உயர்த்தச் சட்டம் வேண்டும். அவர் கேட்ட வயது கிடைக்கவில்லை. 1929இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வைத்தது. 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்டதைவிடக் குறைவு என்பதற்காக அவர் அதை எதிர்க்கவில்லை. வந்த சட்டத்தை ஆதரித்துப் பேசிவந்தார்.

விபசார விடுதிகளையும் பெண்களை விற்பனை செய்வதையும் தடுக்கும் 1930ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் சபையில் நிறைவேறியதிலும் அவருக்கு முக்கியப் பங்குண்டு.

பொட்டுக்கட்டு: மூன்று படிகள்

அவர் பதவிக்காலத்தின் மையம் தேவதாசி முறை. சிறுமியைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட்டால் அவள் கடைசிவரை மணம் செய்துகொள்ள முடியாது. கோயிலில் ஆடல், பாடல், தீபாராதனைச் சேவை, அதற்கு ஈடாக மானியம், பரிவட்டம் போன்ற மரியாதைகள், பெண்வழியில் சொத்துரிமை. பிற குலப் பெண்களுக்கு இல்லாத கல்வியும் கலையும் அவர்களுக்கு இருந்தன. வசதி படைத்த ஆண்களின் ஆதரவில் வாழ வேண்டிய கட்டாயமும் கூடவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது கோயில் வருமானமும் அரண்மனை ஆதரவும் வற்றிப் பலர் வறுமையில் இருந்தார்கள்.

சிறுமிகளை விபசாரத்துக்காக ஒப்படைப்பதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் ஏற்கெனவே தடுத்தன. 1924ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வயது வரம்பை 16இலிருந்து 18 ஆக்கியது. ஆனால் வழக்கு நிற்பது கடினம். பொட்டுக்கட்டு ஒரு சமயச் சடங்கு, நடத்துவது குடும்பம், நோக்கம் விபசாரம்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை.

முத்துலட்சுமி இதை மூன்று படிகளாகப் பிரித்தார். முதல் படி, 1927 நவம்பரில் ஒரு தீர்மானம். கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணிப்பதை நிறுத்தச் சட்டம் இயற்ற வேண்டும், தன்னால் இயலாவிட்டால் இந்திய அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று மாகாண அரசைக் கேட்டது அது. தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் சபையின் மனம் பதிவாகும். ஒருமனதாக நிறைவேறியது.

இரண்டாவது படி, நிலம். தாசிக்குக் கோயில் கொடுத்த இனாம் நிலம் சேவைக்கான கூலி. அவள் சேவையை விட்டால் நிலம் போகும். மகளையோ தத்துப் பெண்ணையோ அடுத்த தாசியாக்காவிட்டால் குடும்பத்துக்கு நிலம் தொடராது. ஒரு தாய் விரும்பாவிட்டாலும் மகளுக்குப் பொட்டுக்கட்ட இந்த ஏற்பாடே போதும். இந்து அறநிலையச் சட்டத்துக்கு முத்துலட்சுமி கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. 1929ஆம் ஆண்டின் 5ஆம் சட்டமாக அது நிறைவேறி, 44-அ என்ற பிரிவு சேர்ந்தது. அதன்படி இனாம் நிலத்துக்கு ஒரு சிறு வரி விதித்து, சேவைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, அனுபவிக்கும் பெண்ணுக்கே உரிமையாக்கலாம். அதன் பிறகு அவள் கோயிலில் ஆட வேண்டியதில்லை. மகளை ஒப்படைக்க வேண்டியதில்லை. நிலமும் கையைவிட்டுப் போகாது.

இந்தத் திருத்தம் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. கோயில் வழக்கத்தைத் தடை செய்யவும் இல்லை. அறநிலையத் துறை அமைச்சரின் எல்லைக்குள் அடங்கியதால் மாகாணச் சபையே முடித்துக்கொள்ள முடிந்தது. பழமைவாத உறுப்பினர்களுக்கும் எதிர்த்துப் பேசக் காரணம் குறைவாக இருந்தது. சட்டம் செய்யும் மிதவாதத்தின் திறமை இந்த ஒரு பிரிவில் தெரிகிறது.

மூன்றாவது படி, நேரடித் தடை. பொட்டுக்கட்டும் சடங்கையே செல்லாததாக்கி, நடத்துவோரைத் தண்டிக்கும் மசோதாவை 1930 ஜனவரியில் அவர் அறிமுகப்படுத்தினார். பொதுமக்கள் கருத்தறிய அது சுற்றுக்கு விடப்பட்டது. அவர் இருந்த காலத்தில் அது சட்டமாகவில்லை.

எதிர்ப்பு

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. முதலாவது, மரபைக் காக்க நினைத்தவர்கள். கோயில் வழக்கத்தில் சட்டம் தலையிடக் கூடாது, கலை அழிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். சபையில் காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி இத்தகைய ஐயங்களை எழுப்பியவர்களில் ஒருவர்.

இரண்டாவது எதிர்ப்பு தேவதாசிகளிடமிருந்தே வந்தது, கனமானதும் அதுதான். 1927இல் சென்னையில் அவர்கள் சங்கம் அமைத்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் இதில் முன்னின்றார். தேவதாசிகளையும் விபசாரிகளையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அவமதிப்பு, சிலரின் நடத்தைக்காக ஒரு சமூகத்தின் சொத்துரிமையையும் சமய உரிமையையும் பறிக்கக் கூடாது, சீர்திருத்தம் வேண்டுமானால் கல்வி கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். தங்களைப் பற்றிய சட்டத்தைத் தங்களைக் கேட்காமலே செய்கிறார்கள் என்பது அவர்களின் அடிப்படைக் குறை.

அதே சமூகத்திலிருந்து எதிர்த்திசையிலும் குரல் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாசி முறையை ஒழிக்க ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். சுயமரியாதை இயக்கத்தில் நின்ற அவர், 1936இல் வெளியான தம் நாவலிலும் அதையே சொன்னார். முத்துலட்சுமி சபைக்குள் மசோதாவாக எழுதியதை இராமாமிர்தம் வெளியே மேடையில் பேசினார். சாதியையும் கோயிலையும் சேர்த்துக் கேள்வி கேட்ட இராமாமிர்தத்தின் வேகம் முத்துலட்சுமியுடையது அன்று. ஒழுக்கம், குடும்பம், பொதுச் சுகாதாரம் என்பவற்றை வைத்தே முத்துலட்சுமி வாதிட்டார்.

அந்த வாதத்துக்கு ஒரு விலை இருந்தது. ஒழுக்கக் கேடு என்ற முத்திரை ஆட்டத்தின் மேலும் விழுந்தது. 1932 இறுதியில் பத்திரிகைகளில் அவருக்கும் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் சதிராட்டம் பற்றி நடந்த விவாதம் புகழ்பெற்றது. கிருஷ்ண ஐயர் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்றார். பொது நிகழ்ச்சிகளில் தாசிகளை ஆடவைப்பதை முத்துலட்சுமி எதிர்த்தார். பிறகு அந்தக் கலை பரதநாட்டியம் என்ற பெயரில் மேல்சாதிக் குடும்பங்களுக்கு இடம் பெயர்ந்தது. அதைக் கட்டிக் காத்த பரம்பரைப் பெண்களில் பலர் மேடையும் வருமானமும் இழந்தார்கள். சட்டம் நிலத்தைக் கொடுத்தது. தொழிலுக்கு மாற்று எதையும் அது வைத்திருக்கவில்லை.

ஹார்டாக் குழுவும் ராஜினாமாவும்

1928இல் இந்தியர் ஒருவர்கூட இல்லாத சைமன் கமிஷனைத் தேசிய இயக்கம் புறக்கணித்தது. அந்தக் கமிஷனின் துணையமைப்பாகக் கல்வி நிலையை ஆராய சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதில் முத்துலட்சுமி உறுப்பினராகச் சேர்ந்தார். பெண் கல்வி பற்றி அரசு ஆவணத்தில் எழுதக் கிடைத்த வாய்ப்பை அரசியல் காரணத்துக்காக விட அவர் விரும்பவில்லை. 1929இல் வெளிவந்த அறிக்கை, கல்வியை விரிவாக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் பெண்களின் கல்விக்கு முன்னுரிமை வேண்டும் என்றது.

1930 மே 5 அன்று உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தி கைதானார். அடுத்த சில நாட்களில் முத்துலட்சுமி சட்டசபைப் பதவியை ராஜினாமா செய்தார். மூன்றாண்டுகளுக்கு என்று கூடிய சபை நீட்டிக்கப்பட்டிருந்த காலம் அது; பொட்டுக்கட்டுத் தடை மசோதா சபையின் முன் இருந்தது. பதவியில் ஒட்டிக்கொள்ள அவருக்கு அதுவே போதுமான காரணம். ஆட்சியோடு ஒத்துப்போய்க் காரியம் சாதிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அவர் அந்த வாரத்தில் முடிவு செய்தார். சட்டசபை அனுபவங்களை அதே ஆண்டில் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார்.

சபைக்கு வெளியே

சட்டம் விட்ட இடத்தை நிறுவனங்களால் நிரப்ப முயன்றார். பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள நகரத்து விடுதிகள் தயங்கின. 1930இல் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லம் ஆனது. பின்னர் அது அடையாறுக்கு மாறிப் பள்ளியும் விடுதியுமாக வளர்ந்தது.

1933இல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன் ராஜ்குமாரி அம்ரித் கவுர், பேகம் ஹமீத் அலி ஆகியோரோடு சாட்சியம் அளித்தார். பெண்கள் அமைப்புகளின் கோரிக்கை வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை; தனித் தொகுதிகளும் ஒதுக்கீடும் வேண்டாம் என்பது. நியமனத்தால் சபைக்குப் போனவரே, இனி வருகிற பெண்கள் பொதுத் தேர்தலில் வர வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தார்.

பொட்டுக்கட்டுத் தடை 17 ஆண்டுகள் காத்திருந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947இல், சென்னை தேவதாசிகள் (அர்ப்பணிப்புத் தடை) சட்டம் நிறைவேறியது. தங்கையின் மரணத்திலிருந்து மனத்தில் இருந்த புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு அது திறந்தது. 1956இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

எஞ்சியவை

மூன்றரை ஆண்டுக்குள் முடிந்தது, முடியாதது என்று கணக்கெடுத்தால் ஒரு வரிசை தெரிகிறது. செலவும் நிர்வாகமும் மட்டும் வேண்டியவை உடனே தொடங்கின. சொத்துரிமையைத் தொட்டது ஒன்றிரண்டு ஆண்டில் சட்டமாயிற்று. வழக்கத்தையே குற்றமாக்க வேண்டியது, தேர்ந்தெடுத்த அரசும் சுதந்திரமும் வரும்வரை நின்றது. முதல் இரண்டும் நடந்திராவிட்டால் மூன்றாவதற்குச் சபையில் அவ்வளவு எளிதாக ஆதரவு திரண்டிருக்காது.

இன்று தமிழகத்தின் ஊர்ப்புறங்களில் அவர் பெயர் அதிகம் புழங்குவது பேறுகால உதவியில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 2006இல் 6,000 ரூபாய் வழங்கப்பட்டது. 2011இல் அது 12,000 ஆகி, பிறகு 18,000 ஆனது: 14,000 ரூபாய் பணம், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களிலும் நடைமுறை இதுதான். கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, பலர் இன்னும் பிக்மி எண் என்றே சொல்லும் பதிவெண் வாங்க வேண்டும். மாதப் பரிசோதனை, அரசு மருத்துவமனைப் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்தால்தான் அடுத்த தவணை வங்கிக் கணக்கில் ஏறும். கடலும் ஏரியும் ஓய்ந்த மாதங்களில் வருமானம் நின்றுபோகும் வீடுகளில், இறால் தடவியும் மீன் விற்றும் பிழைக்கும் பெண்கள் பிரசவத்தை ஒட்டிச் சில வாரம் வேலைக்குப் போகாமல் இருக்க இந்தப் பணம் உதவுகிறது. 1927 முதல் சட்டசபையில் ஓர் உறுப்பினர் பேறுகாலப் பாதுகாப்பு அரசின் பொறுப்பு என்று வாதாடிவந்தார். அந்தப் பொறுப்பைத் தமிழக அரசு ஏற்று, அதற்குத் தொகையும் நடைமுறையும் வகுத்து, அவர் பெயரையே திட்டத்துக்கு வைத்திருக்கிறது.